நடுக்கோடு வரைந்த மருத்துவர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்) மாணவி

ஆண்டு மலருக்குப் பெரியோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு எங்கள் துறைப் பேராசிரியர் கேட்டபோது, தோழியர் பலரும் விடுதலை வீரர்களையும் விஞ்ஞானிகளையும் தேர்ந்தெடுத்தார்கள். நான் தேர்ந்தெடுத்தவர் ஒரு பெண் மருத்துவர். அவர் எந்த நோய்க்கும் புது மருந்து கண்டுபிடித்தவர் அல்லர். சாலையின் நடுவே தம் கையால் ஒரு வெள்ளைக் கோடு வரைந்தவர். அந்தக் கோட்டுக்காகவே கலிபோர்னியா மாநிலம் இன்றும் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அவர் பெயர் ஜூன் மெக்கரோல்.

ஒரு கோட்டுக்கு இத்தனை பெருமையா என்று தோழர்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். என் எண்ணம் மாறியதற்கு என் வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு. அதை இறுதியில் சொல்கிறேன். முதலில் அம்மையாரின் வரலாற்றைப் பார்ப்போம்.

பாலைவனத்துக்கு வந்த மருத்துவர்

ஜூன் அம்மையார் 1867-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்மணியான எலிசபெத் பிளாக்வெல் அப்பட்டத்தைப் பெற்றது 1849-ஆம் ஆண்டு, அதே நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில்தான். அதற்குப் பின் பதினெட்டே ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் ஜூன். பெண் மருத்துவர் என்றால் ஊரே வியந்து பார்த்த அக்காலத்தில் அவர் மருத்துவம் பயின்றார். அவர் குடும்பத்தார் அதற்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் எனக்கு அந்த எண்ணம் வருவது இயல்புதானே!

1904-ஆம் ஆண்டு அவர் தென் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். காரணம், அவருடைய கணவரைக் காசநோய் பற்றியிருந்தது. அந்நோயைக் குணமாக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல்தான். அக்காலத்தில் மருத்துவர்கள் பெரிதும் நம்பிய வழி ஓய்வும் நல்ல உணவும் வறண்ட காற்றும்தான். மருத்துவராக இருந்தும் கணவருக்குக் கொடுக்க மருந்தில்லாத நிலையில், காற்றைத் தேடிப் புறப்பட்ட பெண்மணி அவர். வந்து தங்கிய ஊர் இண்டியோ. கோச்செல்லாப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திற்கும் தாழ்ந்த மணற்பாங்கான ஊர். ரயில் பாதை வந்ததால் பிறந்த ஊர் என்றே அதைச் சொல்லலாம்.

அவர் வந்த மறு ஆண்டே கொலராடோ ஆறு கரை உடைத்துப் பாய்ந்தது. 1905 முதல் 1907 வரை அடங்காமல் பாய்ந்த அந்த வெள்ளம் பாலைவனத்தின் நடுவே ஓர் உப்பு ஏரியையே உண்டாக்கிவிட்டது. அதுதான் சால்ட்டன் ஏரி. அந்த ஏரிக்கும் பாம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்கும் இடைப்பட்ட பரந்த மணல்வெளியில், 1907 முதல் 1916 வரை தொடர்ந்து மருத்துவம் பார்த்தவர் ஜூன் அம்மையார் ஒருவரே. அங்கிருந்த ஐந்து பழங்குடியினர் குடியிருப்புகளுக்கும் அவரே மருத்துவர். பிரசவமோ, காய்ச்சலோ, எலும்பு முறிவோ, எதுவானாலும் அவரைத்தான் அழைத்து வரவேண்டும். ஆகவே அவருடைய வாழ்வில் பாதி சாலையிலேயே கழிந்தது. சாலை என்பது அவருக்குப் பயணம் அன்று. நோயாளியின் உயிருக்கும் தமக்கும் இடையே கிடந்த தூரம்.

நம்பி வந்த வறண்ட காற்றும் கணவரைக் காக்கவில்லை. அவர் இறந்தபின், 1916-இல், இண்டியோ ரயில் நிலையத்தில் பணியாற்றிய பிராங்க் மெக்கரோல் என்பவரை அம்மையார் மறுமணம் செய்துகொண்டார். அதனால்தான் வரலாற்றில் அவர் ஜூன் மெக்கரோல் என்று அறியப்படுகிறார்.

1917: மணலா, லாரியா?

அக்காலத்துச் சாலைகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1908-இல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி என்னும் மோட்டார் வண்டியை வெளியிட்டது. 1913-இல் அந்த நிறுவனம் வண்டிகளை வரிசை முறையில் பூட்டும் வழியைக் கையாண்டபின் விலை மளமளவென்று குறைந்தது. குதிரை வண்டி வைத்திருந்தவர்களும் மோட்டார் வண்டி வாங்கினார்கள். ஆனால் சாலை மட்டும் குதிரை வண்டிக் காலத்துச் சாலையாகவே இருந்தது. அகலம் குறைவு. எது என் பாதி, எது உன் பாதி என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. வண்டிகள் சாலையின் நடுவிலேயே ஓடின. எதிரே ஒன்று வந்தால்தான் ஒதுங்கினார்கள். மணிக்கு ஐந்தாறு மைல் நடக்கும் குதிரைக்கு அது போதும். மோட்டாருக்குப் போதுமா?

1917-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒருநாள் ஜூன் அம்மையார் தம் மாடல் டி வண்டியில் இண்டியோவை நோக்கி வந்துகொண்டிருந்தார். எதிரே பெரிய லாரி ஒன்று சாலையின் நடுவை அடைத்துக்கொண்டு வந்தது. அமெரிக்காவில் வலப்பக்கம் செல்வது முறை என்பதை நினைவில் கொள்க. அம்மையாருக்கு இடப்பக்கம் லாரி. வலப்பக்கம் சாலையோர மணல். முடிவு செய்ய அதிக நேரம் இல்லை. மணலைத் தேர்ந்தெடுத்தார், உயிர் பிழைத்தார்.

இப்படித் தப்பியவர்கள் அந்நாளில் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். லாரிக்காரரைத் திட்டிவிட்டு, வண்டியை மணலிலிருந்து இழுத்துவிட்டு, வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். அம்மையார் ஒரு மருத்துவர் அல்லவா? காயத்தைப் பார்த்தவர் காரணத்தையும் தேடினார். அகலப்படுத்தப்பட்ட ஒரு சாலையில், பழைய பாதியும் புதிய பாதியும் சேரும் இடத்தில் நடுவே ஒரு விளிம்பு தெரிந்ததை அவர் முன்பே கவனித்திருந்தார். அங்கே மட்டும் யாரும் சொல்லாமலே வண்டிகள் தத்தம் பக்கத்தில் ஓடின. அப்படியானால் குற்றம் ஓட்டுநர்களின் குணத்தில் மட்டும் இல்லை. நடு எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நடுவைக் கண்ணுக்குக் காட்டிவிட்டால் போதும். இதுதான் அவருடைய நோயறிதல்.

எல்லாச் சாலைகளின் நடுவிலும் வெள்ளைக் கோடு வரையுங்கள் என்று ரிவர்சைடு மாவட்ட நிருவாகக் குழுவினரிடம் சென்று கேட்டார். வணிகர் சங்கத்திடமும் கேட்டார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒன்றும் செய்யவில்லை. அம்மையாருக்கு அப்போது வயது ஐம்பது. அவர் மறுபடி மனு எழுதிக்கொண்டு உட்காரவில்லை. வர்ணத்தை எடுத்துக்கொண்டு போய், தம் வீட்டருகே செல்லும் சாலையின் நடுவில் நான்கு அங்குல அகலத்திற்கு வெள்ளைக் கோட்டைத் தாமே வரைந்துவிட்டார். இன்று அது இண்டியோ புலவார்டு என்னும் சாலை. ஊருக்கே வைத்தியம் பார்த்த அம்மையார் சாலையில் குனிந்து வர்ணம் பூசியதை அவ்வழியே போனவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்!

கோட்டை விடக் கடினமான வேலை

வரலாற்றை இத்துடன் முடித்தால் அது ஒரு துணிச்சல் கதையாகிவிடும். ஆனால் அம்மையாரின் பெருமை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

சாலையில் பூசிய வர்ணம் நிலைக்காது. வெயில் அதை வெளுக்கும், மணல் தேய்க்கும், சக்கரம் உரிக்கும். ஒருவர் வீட்டருகே ஒரு கோடு இருப்பதால் அடுத்த ஊர்க்காரருக்குப் பயனும் இல்லை. கோட்டின் பொருள் எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் அது கோடு. இல்லையென்றால் வெறும் வர்ணம். ஆகவே கோடு வரைவது அரசின் கடமை என்று ஆக்க வேண்டும். அதற்கு அம்மையார் மகளிர் சங்கங்களை நாடினார்.

கலிபோர்னியாவில் பெண்களுக்கு வாக்குரிமை 1911-ஆம் ஆண்டே கிடைத்திருந்தது. நாடு முழுதும் அது கிடைத்தது 1920-இல்தான். எனவே கலிபோர்னியப் பெண்கள் கூடி ஒன்றைக் கேட்டால் அதற்குத் தனி மதிப்பு இருந்தது. இண்டியோ மகளிர் சங்கம் அம்மையாரின் கோரிக்கையை ஏற்றது. அது மாவட்ட அமைப்புக்குச் சென்றது. அங்கிருந்து மாநில அமைப்புக்குச் சென்றது. கடிதங்கள், தீர்மானங்கள், மீண்டும் கடிதங்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஏழு ஆண்டுகள்! 1924 நவம்பரில் கலிபோர்னிய நெடுஞ்சாலை ஆணையம் இணங்கியது. 3,500 மைல் நீளத்திற்கு நடுக்கோடு வரையப்பட்டது. செலவு 1,63,000 டாலர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மைல் ஒன்றுக்கு ஏறத்தாழ 47 டாலர்தான் வருகிறது. எத்தனை உயிர்களுக்கு எத்தனை மலிவான காப்பு!

உலகிலேயே முதன்முதலில் நடுக்கோடு வரைந்தவர் இவர்தாமா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான விடை. மிச்சிகன் மாநிலத்தில் வேய்ன் மாவட்டச் சாலைக் குழுவைச் சேர்ந்த எட்வர்டு ஹைன்ஸ் என்பார் 1911-ஆம் ஆண்டே டிரென்டன் என்ற இடத்தில் நடுக்கோடு வரையச் செய்தார். பால் வண்டி ஒன்று ஒழுகிக்கொண்டே போனதால் சாலையில் விழுந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள். ஆனால் ஹைன்ஸ் சாலைக் குழுவிலேயே இருந்தவர். ஆணையிட்டால் கோடு விழும். அம்மையாருக்கு ஆணையிடும் பதவி எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

ஜூன் அம்மையார் 1954-ஆம் ஆண்டு தம் எண்பத்தாறாம் வயதில் காலமானார். 2002-இல் கலிபோர்னிய அரசு, இண்டியோவை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்கு டாக்டர் ஜூன் மெக்கரோல் நினைவுச் சாலை என்று பெயர் சூட்டியது. இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 1971-இல் வந்த அமெரிக்கச் சாலைக் குறி விதிகளின்படி, எதிரெதிர்த் திசைகளைப் பிரிக்கும் கோடு மஞ்சளாகிவிட்டது. அம்மையாரின் வெள்ளை நிறம் போயிற்று. அவர் காட்டிய இடம் மட்டும் அப்படியே நிலைத்திருக்கிறது.

வர்ணத்தின் வேதியியல்

வேதியியல் மாணவி என்ற முறையில் அந்த வர்ணத்தைப் பற்றியும் சில சொற்கள். அம்மையார் காலத்தில் வெள்ளை வர்ணம் என்றால் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயில் ஈய வெள்ளையைக் குழைத்துச் செய்ததுதான். வீட்டுக் கதவுக்கு அது போதும், சாலைக்குப் போதாது. ஏறத்தாழ அவர் கோடு வரைந்த அதே காலத்தில்தான் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் புதிய வெண்ணிறமி தொழிற்சாலைகளில் உருவாகத் தொடங்கியது. நிறமியின் ஒளிவிலகல் எண்ணுக்கும் அதைச் சூழ்ந்துள்ள எண்ணெய் அல்லது பிசினின் ஒளிவிலகல் எண்ணுக்கும் வேறுபாடு மிகுந்தால் வெண்மையும் மிகும். பிசினுக்கு அது ஏறக்குறைய 1.5, ஈய வெள்ளைக்கு 2.0, டைட்டானியம் டை ஆக்சைடின் ரூட்டைல் வகைக்கு 2.7. கருநிறத் தார்ச்சாலையை ஒரே பூச்சில் மறைக்கும் ஆற்றல் அதற்கு எங்கிருந்து வந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

இன்று நம் நெடுஞ்சாலைகளில் பெரிதும் பயன்படுவது தெர்மோபிளாஸ்டிக் என்னும் வெப்பத்தால் இளகும் பொருள். பிசின், நிறமி, சுண்ணாம்புக்கல் தூள், கண்ணாடி மணிகள் ஆகியவை கலந்த தூளாக அது மூட்டைகளில் வருகிறது. கொதிகலத்தில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, குழம்பாக்கி, சாலையில் இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் இழுப்பார்கள். சூடு குறைந்தால் சாலையைப் பற்றாது. மிஞ்சினால் பிசின் கருகி, வெள்ளை பழுப்பாகிவிடும். தரையில் ஈரமோ புழுதியோ இருந்தால், சில மாதங்களில் அப்பளம் போல் பெயர்ந்து வரும்.

கோடு இறுகுமுன் அதன்மேல் சிறு கண்ணாடி மணிகளைத் தூவ வேண்டும். இரவில் வண்டி விளக்கின் ஒளி மணிக்குள் புகுந்து, வளைந்து, வர்ணத்தில் பட்டு, வந்த வழியே ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்புகிறது. அதற்கு மணியின் பாதிக்குச் சற்று மேற்பட்ட பகுதி வர்ணத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். முழுதும் மூழ்கினால் ஒளி புகாது. மேலோட்டமாக நின்றால் சக்கரம் பிடுங்கிக்கொண்டு போய்விடும். தூவும் நொடி தவறினால், பகலில் அழகாய்த் தெரியும் கோடு இரவில் காணாமற் போகும்.

எங்கள் ஊர் வளைவு

மேலே எழுதியவற்றுள் ஒளிவிலகல் எண்ணைத்தான் நான் கல்லூரியில் கற்றேன். மற்றதை எல்லாம் எனக்குக் கற்றுத் தந்தவர் என் அப்பா. அவர் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குச் சாலைக் கோடு போடும் தொழிலாளி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். குழம்பின் நிறத்தைப் பார்த்தே சூடு சரியா என்று சொல்லிவிடுவார். கொதிகலத்தின் குழம்பு தெறித்த வடுக்கள் அவர் முன்கைகளில் உள்ளன. முதலாம் ஆண்டில் அப்பாவின் தொழிலை யாரேனும் கேட்டால் பெயின்டர் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூசுபவர் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தேன். அதை இப்போது வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் எல்லையில் சாலை ஒரு புளியமரத்தருகே வளைகிறது. அந்த வளைவில் முன்பு நடுக்கோடு இருந்தது, அப்பா போட்டதுதான். பின்னர் சாலைக்குப் புதுத் தார் போட்டார்கள். பழைய கோடு தாருக்கு அடியில் போயிற்று. புதுக்கோடு வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், மழை தூறிய ஓர் இரவில், மில் வேலை முடிந்து சைக்கிளில் வந்த என் பெரியப்பாவை அந்த வளைவில் எதிரே வந்த வண்டி மோதியது. மருத்துவமனைக்குக் கொண்டு போகுமுன் உயிர் போய்விட்டது. கோடு இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. ஊர் ஊராகப் போய்க் கோடு போடும் அப்பா அந்த வளைவைக் கடக்கும்போது மட்டும் இன்றும் ஒன்றும் பேசுவதில்லை.

அதன்பின் நாங்கள் உரிய அலுவலகத்திற்கு இரண்டு முறை மனுக் கொடுத்தோம். பதில் வரவில்லை. எனக்கும் சலித்துவிட்டது. அப்போதுதான் ஜூன் அம்மையாரின் வரலாறு கண்ணில் பட்டது. முதலில், நாமே போய் ஒரு கோடு வரைந்துவிட்டால் என்ன என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. அளவின்றிப் போட்ட கோடு, ஓட்டுநரைத் தப்பான பக்கத்துக்கு இழுக்கும்; கோடு இல்லாததை விட அது கேடு என்று விளக்கினார். அம்மையார் கோடு போட்ட காலத்தில் விதிகள் இல்லை; இன்று கோட்டின் அகலத்துக்கும் இடைவெளிக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறிமுறையே இருக்கிறது. ஆகவே அம்மையாரின் முதல் செயலை விட்டு, இரண்டாம் செயலை நான் எடுத்துக்கொண்டேன். என் அம்மா உறுப்பினராக உள்ள மகளிர் சுயஉதவிக் குழுவில் பேசினேன். எங்கள் ஊரின் நான்கு குழுக்களும் பக்கத்து ஊரின் இரண்டு குழுக்களும் கையெழுத்திட்டன. வளைவின் நீளத்தையும் சாலையின் அகலத்தையும் அப்பா நாடாப் பிடித்து அளந்து கொடுத்தார். மனுவை நான் எழுதினேன். அப்பா அளந்ததை நான் எழுதியது வாழ்வில் அதுவே முதல் முறை.

சென்ற மாதம் அம்மாவும் குழுவினரும் அதை நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வந்தார்கள். கோடு இன்னும் வரவில்லை. அடுத்த மாதமும் போவார்கள். அம்மையாருக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. எங்களுக்கு இப்போதுதான் இரண்டு.

தோழர்களே, நாளை பேருந்தில் கல்லூரிக்கு வரும்போது சன்னல் வழியே சாலையின் நடுவைச் சற்றுப் பாருங்கள். அந்தக் கோடு எந்த லாரியையும் தடுத்து நிறுத்தும் சுவர் அன்று. முகம் அறியாத இருவர், உன் பக்கம் உனக்கு, என் பக்கம் எனக்கு என்று செய்துகொண்ட உடன்பாடு அது. அது தேயும்; தேயத் தேய யாரேனும் மீண்டும் வரைய வேண்டும். ஒருமுறை வரையத் துணிவு போதும். மீண்டும் மீண்டும் வரையச் செய்யப் பொறுமை வேண்டும். ஜூன் மெக்கரோல் அம்மையாரிடம் இரண்டும் இருந்தன.

இப்போது என் அப்பாவின் தொழிலைக் கேட்டால் முழுமையாகவே சொல்கிறேன்: சாலைக்குக் கோடு போடுகிறார்.